நேரலை வானொலியில் ‘பாஸ்’ பொத்தான் என்ன செய்கிறது?

இணைய வானொலி கேட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடிக்கிறது. ஒலியைத் தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போகிறோம். ஐந்து நிமிடம் கழித்து வந்து மறுபடி அழுத்தினால், எந்தச் செயலியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும். சிலவற்றில் அறிவிப்பாளர் விட்ட இடத்திலிருந்தே தொடர்வார். சிலவற்றில் அந்த ஐந்து நிமிடம் போனது போனதுதான்; இந்த நொடியில் என்ன ஒலிபரப்பாகிறதோ அங்கே போய்ச் சேர்வோம். மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்பும். விட்ட இடத்திலிருந்து அரை நிமிடம் சரியாக ஓடும், பிறகு பேச்சு பாதியில் அறுந்து ஏதோ ஒரு பாட்டின் நடுவில் போய் நிற்கும்.

பொத்தான் மூன்றிலும் ஒன்றேதான். வந்துகொண்டிருக்கும் ஒலி எங்கே தேங்குகிறது, எவ்வளவு தேங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். இது புரிந்துவிட்டால், எதைத் திரும்பக் கேட்கலாம், பதிவு செய்யும்போது எதில் கவனம் வேண்டும் என்பதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில் ஒலி நம்மிடம் வரும் வழியைப் பார்ப்போம். கணினியில் பாட்டு கேட்க உதவும் வின்ஆம்ப் மென்பொருளை உருவாக்கிய நல்சாஃப்ட் நிறுவனம் 1999 வாக்கில் ஷவுட்காஸ்ட் என்ற சர்வர் மென்பொருளைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் ஐஸ்காஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் வந்தது. ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் யாரும் வானொலி நடத்தலாம் என்ற நிலையை உண்டாக்கியவை இவை. இன்றும் வீட்டு அறையிலிருந்தும் சின்ன ஸ்டூடியோவிலிருந்தும் நடக்கும் வானொலிகள் பல, தமிழ் நிலையங்கள் உட்பட, இந்த முறையில்தான் இயங்குகின்றன. நாம் லிங்க்கை அழுத்தியதும் சர்வர் எம்பி3 அல்லது ஏஏசி என்ற சுருக்கப்பட்ட ஒலி வடிவில் ஒரு கோப்பை அனுப்பத் தொடங்குகிறது. சாதாரணக் கோப்புக்கு நீளம் உண்டு. பாதியிலிருந்து வேண்டும் என்று கேட்டால் சர்வர் அங்கிருந்து தரும். நேரலைக்கு நீளமும் கிடையாது, பழைய பகுதியும் கிடையாது. நிலையத்திலிருந்து வந்த பைட்டுகளை வந்த வேகத்திலேயே நேயர்களுக்குத் தள்ளிவிட்டு மறந்துவிடுவதுதான் அந்தச் சர்வரின் வேலை.

முழுக்க மறப்பதில்லை, கொஞ்சம் வைத்திருக்கும். ஐஸ்காஸ்ட்டில் யாரும் மாற்றாமல் விட்டால், பின்தங்கும் நேயருக்காக 5,24,288 பைட், அதாவது 512 கிலோபைட் வரை வரிசையில் நிறுத்திவைக்கும். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒலி ஓடுகிறது என்றால் அது நொடிக்கு 16,000 பைட். வகுத்துப் பார்த்தால் சுமார் 33 நொடி. அதற்கும் மேல் ஒரு நேயர் பின்தங்கினால் சர்வர் அவருடைய இணைப்பைத் துண்டித்துவிடும். புதிதாக இணைபவருக்கு முதலிலேயே சுமார் 64 கிலோபைட்டை ஒரே வீச்சில் அனுப்பவும் செய்யும். அதே 128 கிலோபிட்டில் அது நான்கு நொடி ஒலி. லிங்க்கை அழுத்தியதும் காத்திருக்காமல் பாட்டு தொடங்குவதற்கு அதுதான் காரணம். நாம் ‘நேரலை’ என்று கேட்பது எப்போதும் சில நொடிகள் பழையதாக இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

இப்போது அந்த மூன்று வகைக்கு வருவோம். பாஸ் அழுத்தியதும் சில செயலிகள் ஒலியை மட்டும் நிறுத்துகின்றன. நெட்டிலிருந்து வருவதைத் தொடர்ந்து வாங்கித் தற்காலிகக் கோப்பில் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. குழாயை மூடாமல் அடியில் ஒரு தொட்டியை வைத்ததுபோல. நாம் திரும்பி வந்ததும் தொட்டியிலிருந்து எடுத்துத் தருகின்றன. முதல் வகை இது. இரண்டாவது வகைச் செயலிகள் பாஸ் அழுத்தியதும் இணைப்பையே துண்டித்துவிடுகின்றன. மறுபடி அழுத்துவது புதிதாக இணைவதற்குச் சமம். மூன்றாவது வகைச் செயலி இணைப்பை விடுவதும் இல்லை, வருவதை வாங்குவதும் இல்லை. கருவியின் பஃபர், அதாவது வந்த ஒலி தற்காலிகமாகத் தங்கும் இடம், நிரம்பியதும் ‘போதும், பொறு’ என்ற தகவல் சர்வருக்குப் போகிறது. அதன்பிறகு சர்வர் பக்கம் வரிசை நீள்கிறது. அந்த 33 நொடி கடந்ததும் சர்வர் கழற்றிவிடுகிறது. ஆனால் நம் கருவிக்குள் ஏற்கனவே வந்து சேர்ந்தது இருக்கிறதே, அதுதான் அந்த அரை நிமிடம். அது தீர்ந்ததும் செயலி புதிதாக இணைகிறது, நாம் நேரலைக்குத் தாவுகிறோம். குறை நம் நெட்டில் இல்லை. செயலியை எழுதியவர் இதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

தொட்டி வைப்பதற்குப் பெரிய இடம் வேண்டுமா என்றால், வேண்டாம். பேச்சும் பாட்டும் கலந்த நிலையங்கள் பல 64 கிலோபிட்டில் ஓடுகின்றன. அதில் அரை மணி நேரம் 14.4 மெகாபைட். இன்றைய கைபேசி எடுக்கும் சில புகைப்படங்களின் அளவு. 128 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் 57.6 மெகாபைட், ஒரு நாள் முழுக்க ஓடினாலும் சுமார் 1.4 ஜிகாபைட். தொலைக்காட்சியில் இந்த வசதி 1999லேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவில் டிவோ, ரீப்ளேடிவி ஆகிய பெட்டிகள் நேரலையை ஹார்ட் டிஸ்கில் எழுதிக்கொண்டே காட்டின. நிறுத்தலாம், பின்னால் போகலாம், விளம்பரத்தைத் தாண்டலாம். படத்தைவிட ஒலிக்குப் பல மடங்கு குறைந்த இடமே போதும். அப்படியிருந்தும் வானொலியில் இது ஒரு பொது வசதியாகப் பரவவில்லை. காரணத்தைத் தொழில்நுட்பத்தில் தேடுவதைவிடச் சட்டத்திலும் வியாபாரத்திலும் தேடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு முறையைச் சொல்லியாக வேண்டும். 2009இல் ஆப்பிள் நிறுவனம் எச்எல்எஸ் என்ற வழியை அறிமுகப்படுத்தியது. இதில் முடிவில்லாத ஒற்றைக் கோப்பு கிடையாது. ஒலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சர்வரில் வைப்பார்கள். முதலில் 10 நொடித் துண்டுகள் வழக்கம், பிறகு 6 நொடியைப் பரிந்துரைத்தார்கள். எந்தெந்தத் துண்டு இப்போது கிடைக்கும் என்ற பட்டியல் ஒன்று கூடவே இருக்கும். செயலி பட்டியலைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்துப் புதிய துண்டுகளை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் எத்தனை துண்டுகளை விட்டுவைப்பது என்பது நிலையத்தின் முடிவு. அரை நிமிடத்துக்கானதை மட்டும் வைத்தால் அரை நிமிடம்தான் பின்னால் போகலாம். இரண்டு மணி நேரத்துக்கானதை வைத்தால் இரண்டு மணி நேரம். இங்கே தொட்டி நிலையத்திடம் இருக்கிறது. தாமதமாக வந்த நேயரும் நிகழ்ச்சியின் தொடக்கத்துக்குப் போகலாம். நம் கருவியில் தேக்கும் முறையில் அது நடக்காது, ஏனென்றால் நாம் இணைந்த நொடிக்கு முந்தைய எதுவும் நம்மிடம் வந்திருக்காது. பிரிட்டனில் பிபிசி சவுண்ட்ஸ் செயலியில் நேரலையைப் பின்னுக்கு இழுத்துக் கேட்க முடிவது நிலையமே தேக்கிவைப்பதால்தான்.

அப்படியானால் எல்லா நிலையமும் ஏன் இரண்டு மணி நேரம் வைக்கக் கூடாது? பாட்டுக்கு உரிமைத்தொகை கட்டும் முறை குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் 1998இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டம், இசை நிறுவனங்களோடு தனித்தனியாகப் பேரம் பேசாமலேயே பொது உரிமம் பெற்றுப் பாட்டு ஒலிபரப்ப இணைய வானொலிகளுக்கு வழி திறந்தது. பதிலுக்கு நிபந்தனைகளும் போட்டது. ஒலிபரப்பான நிகழ்ச்சியைத் திரும்பக் கேட்கத் தருவதென்றால் அது ஐந்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று முன்கூட்டியே பட்டியல் வெளியிடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் போடக் கூடாது, ஒரே கலைஞரின் பாட்டு நான்கைத் தாண்டக் கூடாது. நேயர் தனக்கு வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்டுவிட்டால் அவர் அதை வாங்க மாட்டார் என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் கவலை. தமிழ் வானொலியில் எத்தனை காலமாக ஒரே படத்தின் பாடல்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், ஒரே பாடகரின் குரலுக்கு ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால், நம் கேட்கும் பழக்கத்துக்கும் இந்த விதிகளுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பின்னோக்கிப் போகும் வசதியைத் தருவதில் பேச்சு நிலையங்கள் தாராளமாகவும் பாட்டு நிலையங்கள் கையை இறுக்கியும் இருப்பதை இதைக்கொண்டு புரிந்துகொள்ளலாம். செய்தியும் நேர்காணலும் நிலையத்தின் சொந்தச் சரக்கு. பாட்டு அடுத்தவருடையது.

பதிவு செய்யும் பொத்தானை வைத்ததற்காக நீதிமன்றம் வரை போன செயலியும் உண்டு. உலகெங்குமுள்ள நிலையங்களின் லிங்க்குகளைத் திரட்டித் தரும் டியூன்இன் மீது வார்னர், சோனி இசை நிறுவனங்கள் இங்கிலாந்தில் வழக்குப் போட்டன. அங்கே உரிமம் இல்லாத வெளிநாட்டு நிலையங்களை அங்குள்ளவர்கள் கேட்கச் செய்தது முக்கியக் குற்றச்சாட்டு. கட்டணச் செயலியில் இருந்த பதிவு வசதியும் வழக்கில் ஒரு பகுதி. 2019இல் உயர் நீதிமன்றம் டியூன்இன்னுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை உறுதிசெய்தது. பெரிய நிறுவனங்களின் செயலிகளில் சிவப்புப் பொத்தான் அரிதாக இருப்பது இதற்குப் பிறகு வியப்பில்லை.

நேயர் தன் கருவியில் தனக்காகப் பதிவு செய்வது வேறு விஷயம். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் பதிவு செய்பவரின் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, உண்மையான கற்பித்தல் அல்லது ஆய்வுக்காக மட்டுமோ எடுக்கும் பதிவு அந்த உரிமையை மீறியதாகாது என்று 39ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. எடுத்ததை யூடியூபில் போடுவதற்கும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. வேறு நாட்டில் இருப்பவர் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் சொந்தப் பயனுக்கான நகல் விதிவிலக்கை 2015இல் நீதிமன்றமே ரத்துசெய்துவிட்டது.

சரி, பதிவு எப்படிச் செய்வது? முதலில் தவிர்க்க வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்பீக்கரில் ஓடுவதை இன்னொரு மென்பொருளால் பிடித்து மறுபடி எம்பி3 ஆக்குவது. ஏற்கனவே சுருக்கப்பட்ட ஒலியை இன்னொரு முறை சுருக்கினால் தரம் கண்டிப்பாகக் குறையும், இடையில் வரும் குறுஞ்செய்தி மணியும் பதிவாகும். தேவையே இல்லாத வேலை. வருவது ஏற்கனவே எம்பி3 அல்லது ஏஏசிதான். வந்த பைட்டுகளை அப்படியே கோப்பில் எழுதினால் போதும். எம்பி3 அதற்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. 128 கிலோபிட்டில் அது சுமார் 417 பைட் கொண்ட சிறு துணுக்குகளாக வருகிறது, ஒவ்வொன்றும் 26 மில்லிநொடி, ஒவ்வொன்றின் தலையிலும் தன்னைப் பற்றிய குறிப்பு இருக்கும். அதனால் நடுவில் எங்கே தொடங்கினாலும் எங்கே அறுந்தாலும் கோப்பு ஓடும். தொடக்கத்தில் ஒரு சின்னத் தடங்கல் கேட்கலாம், அவ்வளவே. கணினியில் விஎல்சி என்ற பிளேயரின் மேம்பட்ட கட்டுப்பாடுகளைத் திறந்தால் வரும் சிவப்புப் பொத்தான் இந்த வேலையைச் செய்யும். ஆண்ட்ராய்டில் ரேடியோடிராய்டு என்ற கட்டற்ற செயலியில் பதிவு வசதி இருக்கிறது. நேரம் குறித்துத் தானாகப் பதிய விரும்புகிறவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் பொருத்தமானது. மறுபடி சுருக்காமல் நகலெடு என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும்.

ஏஏசி நிலையங்களைப் பதியும்போது ஓர் எச்சரிக்கை. எம்பி4 அல்லது எம்4ஏ கோப்பாகச் சேமித்தால் எந்த ஒலி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். மூன்று மணி நேரம் பதிவாகி முடிகிற தறுவாயில் கரண்ட் போனால் அட்டவணை எழுதப்படாது, மூன்று மணி நேரமும் திறக்காத கோப்பாகிவிடும். நேரடி ஏஏசி கோப்பாக எழுதினால் அதே மின்வெட்டில் கடைசிச் சில நொடி மட்டும்தான் போகும். மின்வெட்டு சகஜமான ஊர்களில் இருப்பவர்கள் இதை முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது.

நெட் நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பதிலும் இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம். எச்எல்எஸ் நிலையத்தில் ஒரு நிமிடம் நெட் போய்த் திரும்பினாலும், பட்டியலில் ஒரு நிமிடத்துக்கு மேல் துண்டுகள் இருந்தால், பதிவு மென்பொருள் விட்டதை எடுத்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் உண்டு. ஐஸ்காஸ்ட்டில் அப்படி எதுவும் இல்லை. மறுபடி இணைந்தால் நான்கைந்து நொடிகள் பின்னாலிருந்து தொடங்கும். அதற்கு முந்தையது திரும்பாது. வணிக நிலையங்கள் சில, ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் முதலில் ஒரு விளம்பரத்தைப் போடுகின்றன. கச்சேரி நடுவில் இணைப்பு அறுந்தால் பதிவில் ஆலாபனைக்கு நடுவே அந்த விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பாட்டுப் பாட்டாகத் தானே பிரித்துத் தரும் மென்பொருள்களும் உண்டு. ஸ்ட்ரீம்ரிப்பர் அவற்றில் பழையது. நிலையம் ஒலியின் நடுவே குறிப்பிட்ட பைட்டுக்கு ஒருமுறை பாட்டின் பெயரைச் செருகி அனுப்புகிறது. பெயர் மாறும் இடத்தில் மென்பொருள் வெட்டுகிறது. பெயர் மாறும் நொடியும் பாட்டு மாறும் நொடியும் ஒன்றாக இருப்பது அபூர்வம் என்பதால் ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையில் ஒட்டிக்கொள்ளும். தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு தொல்லை. இந்த முறை உருவானபோது எந்த எழுத்துக் குறியீட்டில் பெயர் வருகிறது என்று சொல்ல இடமே வைக்கவில்லை. மேற்கத்திய எழுத்துக்களாகவே எடுத்துக்கொண்டு படிக்கும் மென்பொருளில் தமிழ்ப் பெயர் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் தெரியும். நிலையம் நடத்துகிறவர்கள் எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியீட்டைச் சர்வர் அமைப்பில் குறித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். என்னைக் கேட்டால் பாட்டாகப் பிரிப்பதே வேண்டாம். பாட்டு வேறெங்கும் கிடைக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒருவர் பேசினாரே, அது கிடைக்காது.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டூ-இன்-ஒன் பெட்டியில் கேசட்டைப் போட்டு, விரும்பிய பாட்டு வரும்வரை பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தார்கள். பாட்டுக்காகத்தான் பதிந்தார்கள். ஆனால் இன்று அந்தக் கேசட்டுகளில் அரியது, பாட்டுக்கு முன்னும் பின்னும் தெரியாமல் மாட்டிக்கொண்ட அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் குரலும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலும்தான். லண்டனிலிருந்து 1941 முதல் வந்துகொண்டிருந்த பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30உடன் வானொலியில் நின்றது. பிபிசி போன்ற பெரிய நிறுவனத்துக்குக் காப்பகம் இருக்கிறது. சிறிய இணைய நிலையத்துக்கு என்ன இருக்கிறது? முன்பே சொன்னபடி அதன் சர்வர் அரை நிமிட ஒலியை வைத்திருந்து மறப்பது. நிலையத்தார் தனியாகப் பதிந்து வைத்தால் உண்டு. சர்வர் வாடகையைக் கட்ட முடியாமல் நிலையம் மூடினால், அதன் அறிவிப்பாளர்கள், தொலைபேசியில் வந்த நேயர்கள், உள்ளூர்ப் புலவர்கள், பஞ்சாயத்துத் தகராறுகள், யாழ்ப்பாணத்துப் பேச்சும் கோலாலம்பூர்ப் பேச்சும் எல்லாம் சுவடில்லாமல் போய்விடும். ஒரு நேயரின் கணினியில் இருக்கும் கோப்புதான் பல நிகழ்ச்சிகளுக்கு உலகத்திலுள்ள ஒரே பிரதி. இதனால்தான் பதிவு செய்வதை ஏதோ பொழுதுபோக்குத் தந்திரமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

அப்படிக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். நேரலை நம்மை வந்தடைய 10 நொடியும் ஆகலாம், ஒரு நிமிடமும் ஆகலாம். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடியும் நிகழ்ச்சியைச் சரியாக எட்டு மணிக்கு நிறுத்தினால் கடைசி வாக்கியம் போய்விடும். இரண்டு பக்கமும் சில நிமிடம் கூடுதலாக விடுவது செலவில்லாத காப்பு. வெளிநாட்டு நிலையங்களில் கடிகாரமும் மாறும். லண்டனில் இரவு 7 மணி நிகழ்ச்சி கோடையில் இந்திய நேரம் இரவு 11.30க்கு வரும், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு அதுவே நள்ளிரவு தாண்டி 12.30 ஆகிவிடும். ஒரு மணி நேரம் மட்டுமில்லை, தேதியும் கிழமையும் மாறிவிடுகின்றன. டொராண்டோ நிலையங்களுக்கு இந்த மாற்றம் வேறு தேதிகளில், நவம்பர் முதல் ஞாயிறிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் வருகிறது. கணினியில் நேரம் குறிக்கும்போது நிலையம் இருக்கும் ஊரின் நேரத்தைக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம் கோப்பின் பெயர். ஆண்டு, மாதம், நாள், நிலையம், நிகழ்ச்சி என்ற வரிசையில் வைத்தால் கோப்புகள் காலவரிசையில் தாமே அடுக்கிக்கொள்ளும். பெயர் எப்படியாவது தொலைந்தாலும் தேதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பதிவிலுள்ள மணிநேரச் செய்தி, வானிலை, விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து எதையும் வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். எந்த முதலமைச்சர் எங்கே திறந்துவைத்தார், தங்கம் பவுனுக்கு என்ன விலை என்று ஒருவர் வாசிக்கும் அரை நிமிடம் போதும், எந்த வாரத்துப் பதிவு என்று பின்னால் வருபவர் சொல்லிவிடுவார்.